பெயரை விட்டுக்கொடுக்காத நகரம்: சியாட்டில் சூப்பர்சோனிக்ஸ், ஒரு நிகழ்வு ஆய்வு

2008 ஜூலை 2, புதன்கிழமை. சியாட்டில் மத்திய நீதிமன்றத்தில் நீதிபதி மார்ஷா பெக்மன் அன்று தீர்ப்பு சொல்வதாக இருந்தது. நகரத்தின் கூடைப்பந்து அணி குத்தகைக் காலம் முடியும்வரை, அதாவது இன்னும் இரண்டு ஆண்டுகள், அங்கேயே ஆடியாக வேண்டுமா? அல்லது வாடகைப் பாக்கியை எண்ணி வைத்துவிட்டுக் கிளம்பலாமா? வழக்கு இவ்வளவுதான். ஆனால் தீர்ப்பு வாசிக்கப்படவே இல்லை. அதற்குள் மேயர் கிரெக் நிக்கல்ஸும் அணியின் உரிமையாளர் கிளே பென்னட்டும் சமரசத்துக்கு வந்துவிட்டார்கள். நகரத்துக்கு உடனடியாக 4.5 கோடி டாலர். அணிக்கு விடுதலை. 41 பருவங்கள் சியாட்டிலில் ஆடிய சூப்பர்சோனிக்ஸ் சில மாதங்களில் ஓக்லஹோமா சிட்டி தண்டர் ஆனது.

அந்தச் சமரசத்தில் பணத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொரு பிரிவு. சூப்பர்சோனிக்ஸ் என்ற பெயரும் பச்சை, தங்க நிறங்களும் சின்னமும் ஓக்லஹோமாவுக்குப் போகாது. சியாட்டிலுக்கு என்றைக்காவது ஒரு அணி கிடைத்தால் அதற்குக் கொடுக்கப்படும். ஆட்டக்காரர்களை ஏற்றிக்கொண்டு விமானம் போய்விட்டது. பெயர் மட்டும் ஆளில்லாமல் ஊரிலேயே தங்கிவிட்டது. அந்தப் பெயருக்கு ஒரு அணியைத் தேடி சியாட்டில் எடுத்த முயற்சிகளையும் அவை ஒவ்வொன்றும் எங்கே முறிந்தன என்பதையும் பார்ப்பதே இந்த ஆய்வு.

எப்படிப்பட்ட அணி

1967இல் அணி தொடங்கியபோது சியாட்டிலுக்கு வேறு பெரிய தொழில்முறை அணி எதுவும் கிடையாது. போயிங் நிறுவனம் அப்போது ஒலியைவிட வேகமாகப் பறக்கும் பயணிகள் விமானம் ஒன்றை வடிவமைத்துக்கொண்டிருந்தது. ஊரே அந்தக் கனவில் இருந்ததால் அணிக்கும் அதையொட்டிப் பெயர் வைத்தார்கள். விமானத் திட்டம் 1971இல் கைவிடப்பட்டது. அணி நிலைத்தது.

1978இல் இறுதிச் சுற்றில் வாஷிங்டன் புல்லட்ஸிடம் ஏழாவது ஆட்டத்தில் தோற்றார்கள். அந்தத் தொடரின் ஓர் ஆட்டத்தைப் பார்க்க கிங்டோம் அரங்கில் 39,457 பேர் கூடினார்கள். அடுத்த ஆண்டு அதே புல்லட்ஸை 4-1 என்று வென்று கோப்பையைத் தூக்கினார்கள். பயிற்சியாளர் லென்னி வில்கன்ஸ். களத்தில் டென்னிஸ் ஜான்சன், கஸ் வில்லியம்ஸ், ஜாக் சிக்மா, ஃப்ரெட் பிரவுன். ஊர் வென்ற ஒரே என்பிஏ (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) கோப்பை அது. 1996இல் கேரி பேட்டனும் ஷான் கெம்ப்பும் இருந்த அணி மறுபடி இறுதிக்குப் போய், மைக்கேல் ஜோர்டனின் சிகாகோவிடம் ஆறு ஆட்டங்களில் தோற்றது. இன்று நாற்பது, ஐம்பது வயதில் இருக்கும் சியாட்டில்காரர்களுக்கு சோனிக்ஸ் என்றால் அந்த 1996 அணிதான். பின்னாளில் கோடிகளோடு அரங்கம் கட்ட வந்தவர்களும், கோரிக்கை அட்டை பிடித்து வீதியில் நின்றவர்களும் அந்த வயதுக்காரர்களே.

கட்டிடம்

இந்தக் கதை முழுவதும் ஒரு கட்டிடத்தைச் சுற்றியே ஓடுகிறது. 1962 உலகக் கண்காட்சிக்காகக் கட்டிடக் கலைஞர் பால் திரி வடிவமைத்த கொலீசியம் அது. அதன் கூரை நான்கு பக்கமும் சரிந்து தரையைத் தொடுவதுபோல் இறங்கும். 1994-95இல் நகரம் சுமார் 7.5 கோடி டாலர் செலவில் அதை உள்ளுக்குள் இடித்துக் கட்டி, கீ அரீனா என்று பெயர் மாற்றியது. அணி 2010 வரை குத்தகைக்குக் கையெழுத்திட்டது. புதுப்பித்த கடனை சொகுசு அறைகள், விளம்பரம் போன்ற வருவாயிலிருந்து அடைப்பதாக ஏற்பாடு.

இங்கேதான் சிக்கல் விதைக்கப்பட்டது. அரங்கின் இருக்கைகள் 17,072. பத்தே ஆண்டுகளில் லீக்கின் மிகச் சிறிய அரங்காக அது ஆகிவிட்டது. மற்ற ஊர்களில் உணவு விற்பனை, வாகன நிறுத்தம், சொகுசு அறை எல்லாமே உரிமையாளருக்குப் போய்ச் சேர, இங்கே நகரத்தோடு பங்கு போட வேண்டியிருந்தது. 2001இல் 20 கோடி டாலருக்கு அணியை வாங்கிய, ஸ்டார்பக்ஸ் காபி நிறுவனத்தின் ஹோவர்ட் ஷுல்ட்ஸ் தலைமையிலான குழு, நட்டக் கணக்கைக் காட்டி, அரங்கைப் புதுப்பிக்க 22 கோடி டாலர் அளவில் பொதுப் பணம் கேட்டது. மாநில சட்டமன்றம் மறுத்துவிட்டது.

மறுத்ததற்குக் காரணம் இருந்தது. 1995இல் பேஸ்பால் அரங்குக்கு வரி வேண்டாம் என்று மக்கள் சொற்ப வித்தியாசத்தில் வாக்களித்த பிறகும் சட்டமன்றம் வேறு வழியில் பணம் ஒதுக்கியது. 1997இல் அமெரிக்கக் கால்பந்து அரங்குக்கு மாநில அளவில் வாக்கெடுப்பு நடத்தி, நூலிழையில் வென்றார்கள். பழைய கிங்டோமை 2000 மார்ச்சில் வெடிவைத்துத் தகர்த்தபோது அதைக் கட்டிய கடனே தீர்ந்திருக்கவில்லை. இடித்த கட்டிடத்துக்கு 2015 வரை மக்கள் கடன் கட்டினார்கள். இதையெல்லாம் பார்த்துச் சலித்த ஊரில் மூன்றாவதாகக் கதவைத் தட்டியது கூடைப்பந்து. வரிசையில் கடைசியாக நின்றதற்கான விலையை சோனிக்ஸ் கொடுத்தது என்றே நினைக்கிறேன்.

2006 ஜூலையில் ஷுல்ட்ஸ் அணியை 35 கோடி டாலருக்கு ஓக்லஹோமா சிட்டியைச் சேர்ந்த பென்னட்டின் குழுவுக்கு விற்றார். அதே நவம்பரில் சியாட்டில் வாக்காளர்கள் முன்மொழிவு 91ஐ 74 சதவீத ஆதரவோடு நிறைவேற்றினார்கள். லாப நோக்குள்ள விளையாட்டு அணிக்கு நகரம் எதைக் கொடுத்தாலும், அமெரிக்க அரசின் 30 ஆண்டுக் கடன் பத்திரம் தரும் வட்டி அளவுக்காவது அது நகரத்துக்கு வருமானம் ஈட்டித் தர வேண்டும் என்பது அந்தச் சட்டம். பலரும் இன்றுவரை, அணி போனதற்கு இந்த வாக்கெடுப்பைக் குற்றம் சொல்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஏன் என்பதற்குக் கடைசியில் வருகிறேன்.

விற்ற நாளிலேயே போன அணி

ஓக்லஹோமா சிட்டிக்கு அப்போதுதான் கூடைப்பந்து ருசி பிடித்திருந்தது. கத்ரீனா புயலில் நியூ ஆர்லியன்ஸ் சிதைந்ததும் அந்த ஊர் ஹார்னெட்ஸ் அணி 2005 முதல் 2007 வரை இரண்டு பருவங்கள் ஓக்லஹோமா சிட்டியில் தஞ்சம் புகுந்து ஆடியது. அரங்கம் நிரம்பி வழிந்தது. அந்த ஏற்பாட்டுக்கு முன்னின்றவர்களில் பென்னட்டும் ஒருவர். இதைத் தெரிந்துகொண்டே அவரிடம் அணியை விற்றார்கள். விற்பனை ஒப்பந்தத்தில் ஒரே ஒரு பாதுகாப்பு இருந்தது: ஓராண்டு காலம் சியாட்டில் பகுதியில் புதிய அரங்குக்கு நல்லெண்ணத்தோடு முயல வேண்டும்.

பென்னட் கேட்டது புறநகரான ரென்டனில் 50 கோடி டாலர் அரங்கம், பெரும்பகுதி பொதுப் பணத்தில். 2007 ஏப்ரலில் அது சட்டமன்றத்தில் வாக்கெடுப்புக்கே வராமல் செத்தது. அந்த ஆகஸ்ட்டில் பென்னட்டின் கூட்டாளி ஆப்ரி மெக்லென்டன், அணியை சியாட்டிலில் வைத்திருப்பதற்காக நாங்கள் வாங்கவில்லை என்று தங்கள் ஊர்ப் பத்திரிகையிடம் வெளிப்படையாகவே சொன்னார். லீக் அவருக்கு இரண்டரை லட்சம் டாலர் அபராதம் விதித்தது. பின்னர் நீதிமன்றம் வழியாக உரிமையாளர்களின் மின்னஞ்சல்கள் வெளியே வந்தன. அடுத்த பருவத்துக்கே ஊர் மாற வழியுண்டா என்று ஒருவர் கேட்க, தனக்கு அதே வெறிதான் என்ற தொனியில் பென்னட் பதில் எழுதியிருந்தார். சியாட்டிலில் அரங்கம் பெறும் முயற்சியைத்தான் அப்படிக் குறிப்பிட்டேன் என்று பிறகு விளக்கம் கொடுத்தார். அந்தக் கடிதப் போக்கைப் படிப்பவருக்கு அந்த விளக்கம் ஏற்புடையதாக இராது.

நகரத்தின் பக்கமும் முழுக்கச் சுத்தம் என்று சொல்ல மாட்டேன். அணி ஊரைவிட்டுப் போனால் பண்பாட்டு அளவில் ஏறக்குறைய ஒன்றுமே குறையாது என்று 2006இல் மாநகர மன்றத் தலைவரே பேசியிருந்தார். வழக்கு விசாரணையில் இன்னொன்றும் வெளிவந்தது. நகரத்தின் தரப்பில் நின்ற முன்னாள் செனட்டர் ஸ்லேட் கார்ட்டனும் உள்ளூர் முதலீட்டாளர்கள் சிலரும் கூடி, குத்தகையைக் காட்டி பென்னட்டுக்குச் செலவையும் நட்டத்தையும் ஏற்றி, அவராகவே விற்றுவிடும் நிலைக்குத் தள்ளுவது பற்றி ஒரு திட்ட உரையைத் தயாரித்திருந்தார்கள். நல்லெண்ணம் என்ற சொல்லை இரு தரப்பும் நீதிமன்றத்தில் ஓங்கிச் சொல்ல முடியாமல் போனது அதனால்தான்.

நடுவில் ஒரு நல்ல வாய்ப்பு வந்தது. 2008 மார்ச்சில் மைக்ரோசாஃப்டின் ஸ்டீவ் பால்மர் உள்ளிட்ட உள்ளூர்க் குழு, 30 கோடி டாலரில் கீ அரீனாவைப் புதுப்பிக்கலாம், அதில் பாதியை நாங்களே போடுகிறோம் என்று முன்வந்தது. மீதியில் நகரம் ஒரு பங்கு தரத் தயாராக இருந்தது. மிச்சத்துக்கு மாநிலத்தின் அனுமதி வேண்டும். சட்டமன்றக் கூட்டத்தொடர் முடியப்போகிறது என்று சொல்லி அதை எடுத்துக்கொள்ளவே இல்லை. அதே மார்ச் மாதம் ஓக்லஹோமா சிட்டி மக்கள் தங்கள் அரங்கைச் சீரமைக்கும் 12 கோடி டாலர் திட்டத்துக்கு விற்பனை வரியை நீட்டிக்க 62 சதவீத வாக்களித்தார்கள். ஒரு ஊர் வரியை நீட்டிக்கொண்டிருந்தபோது இன்னொரு ஊர் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு இந்த நிகழ்விலேயே மிகவும் வலிக்கும் இடம் இது. பாதிப் பணத்தைத் தனியார் போடுவதாக வந்த முதல் கை அது. அதைப் பற்றிக்கொள்ள யாரும் இல்லை.

ஏப்ரல் 13, 2008 அன்று கீ அரீனாவில் கடைசி ஆட்டம். டல்லாஸை 99-95 என்று வென்றார்கள். பத்தொன்பது வயது கெவின் டுரன்ட் கைகளை உயர்த்தி உயர்த்திக் கூட்டத்தின் குரலை ஏற்றிய காட்சி அந்த ஊர்க்காரர்கள் யாருக்கும் மறக்காது. ஐந்தே நாளில் லீக் உரிமையாளர்கள் 28-2 என்ற கணக்கில் இடமாற்றத்துக்கு ஒப்புதல் தந்தார்கள். எதிர்த்தவர்கள் டல்லாஸின் மார்க் கியூபனும் போர்ட்லேண்டின் பால் ஆலனும். ஆலன் சியாட்டில்காரர்.

பிறகு வழக்கு, ஜூன் மாதம் ஆறு நாள் விசாரணை. பணத்தால் ஈடுகட்ட முடியாத இழப்பு இது, ஆகவே ஒப்பந்தத்தை எழுதியபடியே நிறைவேற்ற வைக்க வேண்டும் என்பது நகரத்தின் வாதம். பருவச்சீட்டு வைத்திருந்த ஒரு எழுத்தாளரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, இந்த அணி தனக்கு என்னவாக இருந்தது என்று சொல்லவைத்தார்கள். குத்தகை என்பது வெறும் வாடகைக் கணக்கு என்றார்கள் மறுதரப்பினர். பிறகுதான் அந்த ஜூலை 2 சமரசம். 4.5 கோடிக்கு மேல் இன்னொரு 3 கோடியும் பேசப்பட்டது. ஆனால் 2009 இறுதிக்குள் அரங்கச் சீரமைப்புக்கு மாநிலம் 7.5 கோடி ஒதுக்கி, அதன் பிறகும் ஐந்தாண்டுக்குள் அணி வரவில்லை என்றால்தான் அது கிடைக்கும். மாநிலம் ஒதுக்கவில்லை. 3 கோடியும் போயிற்று.

ஒன்று மட்டும் தங்கியது. சோனிக்ஸோடு சேர்த்து விற்கப்பட்ட பெண்கள் அணியான ஸ்டார்மை, சியாட்டில் பெண்கள் நால்வர் சேர்ந்து 2008இல் ஒரு கோடி டாலருக்கு வாங்கி ஊரிலேயே வைத்துக்கொண்டார்கள். 2004இல் ஏற்கெனவே கோப்பை வென்றிருந்த அந்த அணி அதன்பின் 2010, 2018, 2020 என்று மூன்று முறை வென்றது. சியாட்டிலில் கூடைப்பந்து செத்துவிட்டது என்று எழுதியவர்கள் இந்த அணியை எண்ணிக்கையில் சேர்க்காமல் விட்டவர்கள்.

சாக்ரமென்டோ: அடுத்தவர் வீட்டு விளக்கு

2012இல் கிறிஸ் ஹேன்சன் வந்தார். சியாட்டிலில் வளர்ந்து, சான் பிரான்சிஸ்கோவில் முதலீட்டு நிதி நடத்தியவர். பேஸ்பால், கால்பந்து அரங்குகளை ஒட்டிய சோடோ பகுதியில் நிலங்களை வாங்கிச் சேர்த்து, 49 கோடி டாலரில் அரங்கம் கட்டுகிறேன் என்றார். நகரமும் அது அடங்கிய மாவட்டமான கிங் கவுன்டியும் 20 கோடி வரை கடன் எழுப்பித் தரும். அரங்கின் வாடகையிலும் வரியிலும் அது அடைபடும். முன்மொழிவு 91 விதித்த நிபந்தனைக்கு ஏற்ப வடிவமைக்கப்பட்ட ஏற்பாடு இது. அக்டோபரில் ஒப்பந்தம் நிறைவேறியது. ஒரு நிபந்தனை: முதலில் அணி வர வேண்டும்.

அணி எங்கிருந்து வரும்? லீக் புதிய அணிகளைச் சேர்ப்பதாக இல்லை. ஆகவே வேறொரு ஊரிலிருந்துதான் எடுக்க வேண்டும். 2013 ஜனவரியில் சாக்ரமென்டோ கிங்ஸின் 65 சதவீதப் பங்கை, மொத்த அணிக்கு 52.5 கோடி டாலர் என்ற மதிப்பில், மலூஃப் குடும்பத்திடமிருந்து வாங்க ஹேன்சனும் பால்மரும் உடன்பாடு செய்தார்கள். சியாட்டிலில் பச்சைச் சட்டைகள் பெட்டியிலிருந்து வெளியே வந்தன.

சாக்ரமென்டோவின் மேயர் கெவின் ஜான்சன் முன்னாள் என்பிஏ ஆட்டக்காரர். லீக்கின் உள்வழிகள் எல்லாம் தெரிந்தவர். அவர் இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் செய்தார்: அணியை வாங்க மும்பையில் பிறந்த மென்பொருள் தொழிலதிபர் விவேக் ரணதிவே தலைமையில் ஒரு குழுவைத் திரட்டினார், சுமார் 44.8 கோடி டாலர் அரங்குக்கு 25.8 கோடி பொதுப் பணம் தரும் திட்டத்தை மார்ச்சில் மாநகர மன்றத்தில் நிறைவேற்ற வைத்தார். ஹேன்சன் மதிப்பை 55 கோடி, 62.5 கோடி என்று ஏற்றிக்கொண்டே போனார். மே 15 அன்று உரிமையாளர்கள் 22-8 என்று இடமாற்றத்தை நிராகரித்தார்கள். அதிகப் பணம் கொடுக்க வந்தவர் தோற்றது இங்கே கவனிக்க வேண்டியது. சொந்த ஊர் பொதுப் பணத்தோடு எழுந்து நின்றால் அணியை நகர்த்த மாட்டோம் என்று லீக் மற்ற எல்லா ஊர்களுக்கும் காட்டியது. 2008இல் சியாட்டில் எழுந்து நிற்காததன் பாடத்தை, 2013இல் வேறு ஊரை வைத்து அதே சியாட்டிலுக்கு நடத்தினார்கள்.

அந்தச் சில மாதங்களில் நல்ல மனம் படைத்த பல சோனிக்ஸ் ரசிகர்கள் திண்டாடினார்கள். ஐந்து வருடம் முன்பு தங்களுக்கு நேர்ந்ததையே, அரங்கம் கேட்டு, ஒப்பந்தம் காட்டி, இன்னொரு ஊருக்கு நாம் செய்யலாமா என்ற கேள்வி அது. நான் இதில் ஒரு பக்கம் நிற்கிறேன்: கிங்ஸ் சாக்ரமென்டோவிலேயே தங்கியதுதான் நியாயம். அங்கேயும் அப்பா தோளில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்த பிள்ளைகள் உண்டு. அதோடு, முடிவுக்குப் பிறகு நடந்தது ஹேன்சனின் பெயரைக் கெடுத்தது. சாக்ரமென்டோ அரங்கத் திட்டத்தை வாக்கெடுப்புக்கு இழுக்கும் கையெழுத்து இயக்கத்துக்கு அவர் மறைவாக ஒரு லட்சம் டாலர் கொடுத்தது ஆகஸ்ட்டில் அம்பலமாகி, மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

பால்மர் காத்திருக்கவில்லை. 2014இல் லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸை 200 கோடி டாலருக்கு வாங்கினார், அதை லாஸ் ஏஞ்சலஸிலேயே வைத்திருப்பதாகச் சொல்லி. சியாட்டிலுக்கு அணி வாங்கும் வலுவுள்ள ஆள் அத்தோடு ஒருவர் குறைந்தார்.

ஹேன்சனின் நிலம் மட்டும் மிஞ்சியது. அரங்கம் கட்ட ஆக்சிடென்டல் அவென்யூவின் ஒரு துண்டு வீதியை நகரம் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. சரக்கு லாரிகளின் போக்குவரத்து முடங்கும் என்று துறைமுகமும் துறைமுகத் தொழிலாளர்களும் எதிர்த்தார்கள். 2016 மே 2 அன்று மாநகர மன்றம் 5-4 என்று மறுத்தது. மறுத்த ஐவரும் பெண்கள். அதன்பின் அவர்களுக்கு வந்த வசைகளும் மிரட்டல்களும் சோனிக்ஸ் பெயரால் நடந்த மிக அசிங்கமான காரியம். துறைமுகத்தின் வேலைவாய்ப்பை எடைபோட்டு வாக்களித்தவர்களை, அவர்கள் பெண்கள் என்பதற்காகத் திட்டியவர்கள் அந்த அணிக்கு எந்த நன்மையும் செய்யவில்லை.

அதே அக்டோபரில் ஹேன்சன், பொதுப் பணமே வேண்டாம், முழுக்க நானே கட்டுகிறேன் என்றார். நாலு வருடம் முன்னால் சொல்லியிருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம்.

கூரையைத் தாங்கிப் பிடித்த வருடங்கள்

நகரம் இப்போது பழைய கட்டிடத்துக்கே திரும்பியது. 2017இல் கீ அரீனாவைப் புதுப்பிக்க யார் வருகிறீர்கள் என்று கேட்டு, ஓக் வியூ குழுமத்தைத் தேர்ந்தெடுத்தது. கட்டிடம் நகரத்தினுடையது, செலவு நிறுவனத்தினுடையது. 1962இன் கூரை பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்டிருந்ததால் அதை இடிக்கக் கூடாது. ஏறத்தாழ 20,000 டன் எடையுள்ள அந்தக் கூரையைத் தற்காலிகத் தூண்களில் நிறுத்திவைத்து, அடியிலிருந்த எல்லாவற்றையும் தோண்டி எடுத்து, முன்பைவிட ஆழத்தில் புதிய அரங்கைக் கட்டினார்கள். 115 கோடி டாலர் ஆயிற்று. 2021 அக்டோபரில் கிளைமேட் பிளெட்ஜ் அரீனா என்ற பெயரில் திறந்தார்கள்.

முதலில் குடியேறியது ஐஸ் ஹாக்கி. 2018 மார்ச் 1 அன்று, இன்னும் பெயர்கூட இல்லாத ஒரு ஹாக்கி அணிக்குப் பருவச்சீட்டு முன்பணம் கேட்டபோது பன்னிரண்டு நிமிடத்தில் 10,000 பேர் கட்டினார்கள். டிசம்பரில் 65 கோடி டாலர் நுழைவுக் கட்டணத்தில் ஹாக்கி லீக் அணியை வழங்கியது. கிராக்கன் பிறந்தது. யாரிடமிருந்தும் பறிக்காமல், புதிதாக.

முன்மொழிவு 91 பற்றிக் கடைசியில் சொல்கிறேன் என்றேன் அல்லவா. அணியைத் துரத்தியது அந்தச் சட்டம் என்பவர்களுக்கு இந்த அரங்கம்தான் என் பதில். பென்னட் கேட்டது ரென்டனில். சியாட்டில் நகரச் சட்டம் அங்கே செல்லாது. பால்மரின் திட்டம் மாநிலத் தலைநகரில் நின்றது. ஆக இரண்டிலும் தடை அந்தச் சட்டமல்ல. அது செய்தது வேறு: பொதுப் பணம் கிடைக்காது என்று தெரிந்த பிறகுதான் தனியார் தங்கள் பணத்தோடு வந்தார்கள். 2006இல் 22 கோடி பொதுப் பணம் கேட்ட அதே இடத்தில் 2021இல் 115 கோடிக்குத் தனியார் கட்டிய அரங்கம் நிற்கிறது. நடுவில் பதின்மூன்று ஆண்டுகள் அணி இல்லாமல் கழிந்தன என்பதையும் மறைக்க முடியாது. ஊர் அந்த விலையைக் கொடுத்தது.

ஏன் இன்னும் வரவில்லை

கட்டிடம் இருக்கிறது, பணக்காரர்கள் இருக்கிறார்கள், கூட்டம் இருக்கிறது. பாக்கி இருப்பது முப்பது உரிமையாளர்களின் சம்மதம். 2004இல் சார்லட்டுக்குக் கொடுத்ததுதான் லீக் கடைசியாகச் சேர்த்த அணி. அந்த ஊரின் ஹார்னெட்ஸ் 2002இல் நியூ ஆர்லியன்ஸுக்குப் போனது. இரண்டே ஆண்டில் பாப்கேட்ஸ் என்ற புதிய அணி கிடைத்தது. 2014இல் பழைய பெயரும் திரும்பியது. அவர்களுக்கு அணி முதலில், பெயர் பிறகு. சியாட்டிலுக்குப் பெயர் இருக்கிறது, அணி இல்லை.

உரிமையாளர்களின் தயக்கம் கணக்கில் இருக்கிறது. 2024இல் லீக் கையெழுத்திட்ட தொலைக்காட்சி ஒப்பந்தம் 11 ஆண்டுக்குச் சுமார் 7,600 கோடி டாலர். ஆண்டுக்கு ஏறக்குறைய 690 கோடி. முப்பது பேர் பங்கிட்டால் தலைக்கு 23 கோடி. முப்பத்திரண்டு பேர் என்றால் 21.6 கோடி. அதாவது இரண்டு புதிய அணிகளை விட்டால் ஒவ்வொருவருக்கும் ஆண்டுதோறும் ஒன்றரைக் கோடி டாலர் அளவில் குறையும். அதை ஈடுகட்ட நுழைவுக் கட்டணத்தை எவ்வளவு வைப்பது என்பதுதான் பேரம். 2025இல் பாஸ்டன் அணி 610 கோடி மதிப்பிலும் லேக்கர்ஸ் ஆயிரம் கோடி மதிப்பிலும் கைமாறியபின், அந்தக் கட்டணம் பல நூறு கோடியில் இருக்கும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஷுல்ட்ஸ் விற்ற 35 கோடியை இதன் அருகில் வைத்துப் பார்க்கையில் வயிறு எரிகிறது. லீக் தலைவர் ஆடம் சில்வர் 2025 டிசம்பரில் பேசும்போது, விரிவாக்கம் பற்றிய முடிவு 2026இல் எடுக்கப்படும் என்றார். லாஸ் வேகஸோடு சியாட்டிலின் பெயரும் அடிபடுகிறது. கிராக்கனின் பெரும்பான்மை உரிமையாளர் சமந்தா ஹாலோவே அணிக்குப் போட்டியிடத் தயாராக இருப்பவர்.

ஓக்லஹோமா சிட்டி 2025இல் கோப்பை வென்றது. அதற்கு முன்பே, 2023 டிசம்பரில், அங்குள்ள மக்கள் குறைந்தது 90 கோடி டாலரில் புதிய அரங்குக்கு 71 சதவீத வாக்களித்திருந்தார்கள். அவர்களிடம் எனக்குக் கோபமில்லை. தங்கள் அணியை எப்படி வைத்துக்கொள்வது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

2018 அக்டோபர் 5 அன்று, பழைய கீ அரீனாவை இடித்துக் கட்டத் தொடங்குவதற்குச் சற்று முன், கோல்டன் ஸ்டேட்டும் சாக்ரமென்டோவும் அங்கே ஒரு பயிற்சி ஆட்டம் ஆடின. அறிமுகத்தின்போது டுரன்ட் ஷான் கெம்ப்பின் பழைய சோனிக்ஸ் சட்டையை அணிந்து வந்தார். பத்து வருடமாக அடைத்து வைத்திருந்த சத்தம் அந்தக் கூரைக்குக் கீழே எழுந்தது. 2025இல் புதிய அரங்கின் வெளியே லென்னி வில்கன்ஸுக்குச் சிலை வைத்தார்கள்.

சிறந்த ஆட்டக்காரர்களின் சட்டை எண்ணை இனி யாருக்கும் தராமல் கௌரவிப்பது வழக்கம். அப்படி சோனிக்ஸ் ஓய்வு கொடுத்து உயரே தொங்கவிட்ட எண்கள் ஆறு: 1, 10, 19, 24, 32, 43. கேரி பேட்டனின் 20 அதில் இல்லை. அவர் அந்த அணிக்காகப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆடியவர், 2013இல் புகழ்மண்டபத்தில் சேர்க்கப்பட்டவர். வரலாற்றைப் பகிர்ந்துகொள்ளும் உரிமையோடு ஓக்லஹோமா அந்த எண்ணை உயர்த்தலாம். பேட்டன் தனக்கு அது வேண்டாம் என்று சொல்லிவிட்டார். என் சட்டை ஏறினால் சியாட்டிலில்தான் ஏற வேண்டும் என்பது அவர் நிலை. ஏற்றிவைக்க இன்னும் அணி வரவில்லை.